விமானச் சண்டை விளையாட்டில் ஆட்கள் ஏன் குறைகிறார்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

டல்லாஸில் வேலை பார்த்த காலத்தில் ஏசஸ் ஹை என்ற ஆன்லைன் விமானச் சண்டை விளையாட்டில் சேர்ந்தேன். எல்லாம் இரண்டாம் உலகப் போர் விமானங்கள். அப்போது இரவு உள்ளே போனால் நூற்றுக்கணக்கான பேர் பறந்துகொண்டிருப்பார்கள். இப்போது சென்னைக்கே திரும்பிவிட்டேன். மாலையில் போய்ப் பார்த்தால் யாருமே இல்லை. விடியற்காலையில் எழுந்து, அமெரிக்காவில் இரவாக இருக்கும் நேரத்தில் போனாலும் பழைய கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான் இருக்கிறது. ஸ்குவாட் (சேர்ந்து பறக்கும் குழு) நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து பறக்கும் களமான அரீனாவை 2006இல் பிரித்தது தவறு என்கிறார் ஒருவர். கிராஃபிக்ஸ் பழசு, மாதம் 14.95 டாலர் இந்தக் காலத்தில் யார் கட்டுவார்கள், எல்லோரையும் வார் தண்டர் என்ற இலவச விளையாட்டு இழுத்துக்கொண்டது என்கிறார்கள் மற்றவர்கள். இதில் எது உண்மை? இன்னொன்று, பதினைந்து வயதான என் அக்கா மகனுக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஆசை. ஆளே இல்லாத விளையாட்டுக்குள் அவனைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

அன்புடன்,
ஆர்., சென்னை

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர்கள் சொல்லும் நான்கு காரணங்களிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் எல்லோரும் பழைய ஆட்கள் ஏன் போனார்கள் என்றே யோசிக்கிறார்கள். புதியவர்கள் ஏன் வருவதில்லை, வந்தவர்கள் ஏன் தங்குவதில்லை என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும் என்பது என் எண்ணம்.

பழைய ஆட்கள் எப்போதும் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம், மூட்டு வலி, வெறும் சலிப்பு. நீங்கள் டல்லாஸில் பார்த்த அந்தக் கூட்டம் நிறைந்த இரவுகளிலும் மாதாமாதம் பலர் சந்தாவை நிறுத்தியிருப்பார்கள். அது உங்கள் கண்ணில் படவில்லை, ஏனென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஏரி வற்றும்போது எல்லோரும் மதகைத்தான் குறை சொல்வோம். வரத்து வாய்க்கால் எப்போது தூர்ந்துபோனது என்று மேலே நடந்துபோய்ப் பார்ப்பவர்கள் குறைவு. போகிறவரை எல்லோருக்கும் தெரியும், ஸ்குவாட்டில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, சொல்லிவிட்டுப் போகிறார். வராமலே போனவனைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது.

ஏசஸ் ஹைக்கு அந்த வரத்து எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அதற்கு முந்தைய தலைமுறை விளையாட்டு ஏர் வாரியர். வர்ஜீனியாவில் இருந்த கெஸ்மாய் நிறுவனம் 1980களின் கடைசியில் ஜீனி என்ற டயல்-அப் சேவையில் அதை நடத்தியது. மணிக்கணக்கில் கட்டணம். வசதியுள்ளவர்களும் பைத்தியம் பிடித்தவர்களும் மட்டும் ஆடிய ஆட்டம் அது. 1996 டிசம்பரில் ஏஓஎல் என்ற இணையச் சேவை மாதம் 19.95 டாலர் என்று ஒரே கட்டணம் கொண்டுவந்த பிறகு, ஆன்லைனில் இருப்பதே சாதாரணக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகும் காரியம் ஆனது. பின்னால் கெஸ்மாயை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது, 2001இல் ஏர் வாரியரை மூடியும் விட்டது. அதற்குள் வார்பேர்ட்ஸ் என்ற இன்னொரு ஆன்லைன் விமான விளையாட்டிலிருந்து பிரிந்து வந்த சிலர், நீங்கள் இருந்த டல்லாஸுக்குப் பக்கத்திலேயே கிரேப்வைனில் ஹைடெக் கிரியேஷன்ஸ் தொடங்கி, 2000இல் ஏசஸ் ஹையை வெளியிட்டிருந்தார்கள். வீடிழந்த ஏர் வாரியர் விமானிகளில் பலர் அங்கே வந்து சேர்ந்தார்கள். பறக்கவும் சுடவும் ஏற்கெனவே தெரிந்த ஆட்கள். ஒரு புது விளையாட்டுக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமையாது.

இன்னொரு வாய்க்கால் கடைகளில் பெட்டியில் போட்டு விற்ற விமானக் கணினி விளையாட்டுகள். 1998ஆம் வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டின் காம்பாட் ஃப்ளைட் சிமுலேட்டர், யூரோப்பியன் ஏர் வார், ஜேன்ஸ் வேர்ல்ட் வார் டூ ஃபைட்டர்ஸ், ஃபால்கன் 4.0 எல்லாம் அந்த ஒரே வருடத்தில் வந்தன. அமெரிக்க வீடுகளில் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஜாய்ஸ்டிக் இருப்பது அப்போது சாதாரணம். ஒரு பையன் தனியாக உட்கார்ந்து, தரையிறங்கக் கற்று, வேகம் குறைந்தால் விமானம் எப்படித் தலைகுப்புற விழும் என்று தெரிந்துகொண்டு, எதிரியின் மேல் சுடாமல் அவன் போகப்போகும் இடத்தில் சுட வேண்டும் என்று பழகிக்கொண்டு, அதற்கப்புறம் ஆன்லைனுக்கு வருவான். ஏசஸ் ஹை நடத்த வேண்டிய பள்ளிக்கூடத்தை இந்தப் பெட்டிகள் இலவசமாக நடத்திக்கொடுத்தன. அந்த மைக்ரோசாஃப்ட் வரிசையில் மூன்றாவது 2002இல் வந்தது, அதோடு முடிந்தது. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக இந்த வகையைக் கைவிட்டன. ஏசஸ் ஹையின் வானத்தில் அது உடனே தெரியவில்லை. சில வருடங்கள் கழித்துத் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த புதியவனின் முதல் மணி நேரத்தை யோசித்துப் பாருங்கள். அவனுக்குத் தெரிந்த பெயர் மஸ்டாங் என்ற அமெரிக்கப் போர் விமானம். அதை எடுக்கிறான். ரன்வேயிலிருந்து கிளம்பும்போதே இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. சமாளித்து மேலே ஏறினால் எதிரே ஒரு ஸ்பிட்ஃபயர், சின்ன வட்டத்தில் திரும்பக்கூடிய பிரிட்டிஷ் விமானம். அதோடு சுற்றிச் சுற்றித் திரும்பிச் சண்டை போடுகிறான். மஸ்டாங்கில் செய்யவே கூடாத காரியம் அது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? சுட்டு வீழ்த்தப்படுகிறான். மறுபடி கிளம்புகிறான். இந்த முறை மேலே, பின்னால், அவன் பார்க்காத திசையிலிருந்து ஒருவர் இறங்கி வந்து ஒரே பாய்ச்சலில் முடித்துவிட்டுப் போகிறார். எதிரியின் முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. மூன்றாவது முறை, அவனுடைய தளத்துக்கு மேலேயே வட்டமிட்டு ரன்வேயில் உருளும் விமானங்களைச் சுடும் வல்ச்சிங் கூட்டத்திடம் மாட்டுகிறான். தான் ஏன் செத்தோம் என்று தெரிந்தால் மனிதன் திரும்பி வருவான். டாங்கி விளையாட்டில் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு யார் சுட்டது என்று எட்டிப் பார்க்கலாம். வானத்தில் சுவர் கிடையாது. இலவச சோதனைக் காலம் இரண்டு வாரம். ஆனால் பெரும்பாலானவர்கள் முதல் மாலையிலேயே முடிவெடுத்துவிடுவார்கள்.

எதிரே இருப்பவர் பத்து, இருபது வருடம் பறந்தவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் விளையாடத்தான் வந்திருக்கிறார். ஆனால் ஆட்கள் குறையக் குறைய, மிச்சம் இருப்பவர்களின் சராசரித் திறமை கூடிக்கொண்டே போகிறது. நூற்றுக்கணக்கான பேர் இருந்தபோது புதியவனுக்கு அவனைப் போலவே தடுமாறும் இன்னொருவன் எதிரில் கிடைப்பான். இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொள்வார்கள். இப்போது எதிரில் வருபவர் எல்லோரும் தேர்ந்தவர்கள்.

அடுத்தது தூரம். மொத்தம் எத்தனை சந்தாதாரர்கள் என்ற கணக்கு இந்த விளையாட்டில் எதையும் சொல்லாது. இந்த நிமிடம், இந்த மேப்பில், எனக்கு எட்டும் தூரத்தில் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. ஏசஸ் ஹை மேப்பில் ஒரு செக்டார், அதாவது ஒரு கட்டம், 25 மைல். பக்கத்துத் தளம் கிட்டத்தட்ட அவ்வளவு தள்ளி இருக்கும். மணிக்கு 250 மைல் வேகத்தில் போனால் 6 நிமிடம், உயரம் ஏற அதற்கு மேல் சில நிமிடங்கள். கூட்டம் இருந்தால் இது நல்ல ஏற்பாடு, போகும் வழியில் ஸ்குவாட்டோடு பேசித் திட்டம் போடலாம். ஆட்கள் குறைந்தால் எதிரியைத் தேடி இரண்டு மூன்று செக்டார் போக வேண்டும். கால் மணி நேரம் பறந்து யாரையும் காணாமல் திரும்புகிறவர், மறுநாள் உள்ளே வரும்போது முதலில் ஆட்களின் எண்ணிக்கையைப் பார்ப்பார். குறைவாக இருந்தால் வெளியே போவார். அவர் போனதால் அடுத்தவருக்கு எண்ணிக்கை இன்னும் ஒன்று குறைவாகத் தெரியும். நமது மாலை ஏழு மணி அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை நேரம், அலுவலகம் தொடங்கும் சமயம். நீங்கள் பார்க்கும் காலி வானத்தில் ஒரு பகுதிக்குக் காரணம் அவ்வளவுதான்.

அரீனாவைப் பிரித்த கதையையும் இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2006இல் ஒரே பெரிய அரீனாவை உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆள் வரம்பு வைத்தார்கள். கூட்டம் அளவுக்கு மீறினால் சண்டை ‘ஹோர்ட்’ ஆகிவிடும், முப்பது நாற்பது பேர் ஒரே தளத்தின் மேல் விழுவார்கள், எதிர்த்துப் பறக்க யாரும் வரமாட்டார்கள். அது உண்மையான நோய்தான். ஆனால் மருந்து தவறு என்று நினைக்கிறேன். வருடக்கணக்கில் சேர்ந்து பறந்த ஸ்குவாட்டில் பாதிப் பேர் ஓர் அரீனாவிலும், இடம் கிடைக்காத மீதிப் பேர் இன்னொன்றிலும் இருக்க நேர்ந்தது. மனிதர்கள் விமானத்துக்காக மட்டும் வருவதில்லை. ஸ்குவாட்டில் பேச்சுக்கு மையமாக இருக்கும் ஒருவர் போனால் அவரோடு ஏழெட்டுப் பேர் போவார்கள். அதனால் உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் புதியவர்கள் வந்துகொண்டே இருந்திருந்தால் அந்தக் காயம் ஆறியிருக்கும்.

2010இல் முதல் உலகப் போர் அரீனா ஒன்று வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். சாப்வித் கேமல், மூன்றடுக்கு இறக்கை கொண்ட ஃபோக்கர், ஃபோக்கர் டி.7, பிரிஸ்டல் என்று நான்கே விமானங்கள். ஆரம்பத்தில் நல்ல கூட்டம், அப்புறம் காலி. பழைய ஆட்களே புது இடத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். புதுச் சரக்கு இருக்கிறவர்களைக் கொஞ்ச நாள் நகர்த்தும், வெளியே நிற்கிறவர்களை அவ்வளவு எளிதாக உள்ளே கொண்டுவராது. கிராஃபிக்ஸும் அப்படித்தான். 2016இல் புது கிராஃபிக்ஸோடு மூன்றாம் பதிப்பு வந்தது, பிறகு ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்துக்கும் வந்தது, உங்கள் பழைய கூட்டம் திரும்பவில்லையே.

சரி, வார் தண்டர். 2012 நவம்பரில், யார் வேண்டுமானாலும் ஆடிப் பார்க்கலாம் என்ற திறந்த சோதனைக்கு வந்தது. இலவசம், ஜாய்ஸ்டிக் தேவையில்லை. மவுஸால் எங்கே போக வேண்டும் என்று காட்டினால் போதும், விமானத்தைக் கவிழாமல் ஓட்டும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் சிறிது நேரத்தில் சண்டை நடுவில் இருப்பீர்கள், காலி வானம் என்ற பேச்சே இல்லை. 2014இல் டாங்கிகளையும் சேர்த்தார்கள், டாங்கிக்காக வந்தவர்கள் விமானத்தையும் தொட்டுப் பார்த்தார்கள். அது உங்கள் ஸ்குவாட் நண்பர்களை எடுத்துக்கொண்டதாக நான் நினைக்கவில்லை. அடுத்து உங்கள் ஸ்குவாட்டில் சேர்ந்திருக்க வேண்டிய பையன்களை எடுத்துக்கொண்டது. 2023 மே மாதம் அதற்குள் காசு, பொருள் சம்பாதிக்கும் முறையில் செய்த மாற்றங்களை எதிர்த்து ஸ்டீமில் எதிர்மறை மதிப்புரைகள் மலைபோல் குவிந்தன, நிறுவனம் இறங்கி வந்தது. ஆனாலும் விளையாட்டு காலியாகவில்லை. கதவு அகலமாக இருக்கும் இடத்தில் கோபம் கூட்டத்தைக் கலைப்பதில்லை.

இலவசம் என்பது மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ் நடத்தி உலகப் புகழ் பெற்ற வார்கேமிங், அதே முறையில் 2013இல் வேர்ல்ட் ஆஃப் வார்ப்ளேன்ஸை இறக்கியது. டாங்கிக்கு வந்த கூட்டம் விமானத்துக்கு வரவில்லை. 2017இல் விளையாட்டையே மாற்றி, செத்தால் மறுபடி எழுந்து பறக்கலாம், ஆளில்லாத இடத்தை கணினியே ஓட்டும் பாட்கள் நிரப்பும் என்று ஆக்கினார்கள். பறத்தல் இயல்பாகவே கடினமான வித்தை. வழிகாட்ட ஆள் இல்லாமல் பலர் அதில் நிலைப்பதில்லை.

ஆசை மட்டும் குறையவில்லை. 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தபோது ஜாய்ஸ்டிக்குகள் கடைகளில் கிடைக்காமல் போயின. ஊரடங்கு காலம் வேறு. பறக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதற்கு எனக்கு அது போதுமான சாட்சி.

இப்போது உங்கள் அக்கா மகன். தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டுத் தனியே விட்டுவிடாதீர்கள், மஸ்டாங்கையும் முதலில் கொடுக்காதீர்கள். நீங்கள் பி-17 குண்டுவீச்சு விமானத்தை எடுங்கள், அவன் உங்கள் விமானத்திலேயே துப்பாக்கி இயக்கும் கன்னராகச் சேரட்டும். அதற்கு விளையாட்டில் வசதி இருக்கிறது. எதிரி எந்தத் திசையிலிருந்து, எந்த உயரத்திலிருந்து இறங்கி வருகிறான் என்று பின்துப்பாக்கியில் உட்கார்ந்து அவன் பார்க்க வேண்டும். அது புரிந்த பிறகு ஸ்பிட்ஃபயர் கொடுங்கள், பயிற்சி அரீனாவில் நீங்களே அவனுக்கு எதிரியாகப் பறந்து, ஒவ்வொரு முறை விழுந்ததும் எதனால் விழுந்தான் என்று சொல்லுங்கள். நேரமும் முக்கியம். மாலையில் வேண்டாம். அமெரிக்காவின் வெள்ளி இரவு நமக்கு சனிக்கிழமை காலை, அவனுக்குப் பள்ளி விடுமுறையாகவும் இருக்கும். ஸ்குவாட்டுகள் நேரம் குறித்து வைத்து மொத்தமாகப் பறக்கும் வெள்ளி இரவு நிகழ்ச்சிகளை உங்கள் நண்பர்கள் இன்னும் விடாமல் இருந்தால், அவனுக்கும் ஓர் இடம் கேட்டு வாங்குங்கள்.

அவன் பக்கத்தில் இருக்கும்போது, இந்த விளையாட்டு முடிந்துபோனது என்ற பேச்சை மட்டும் உங்கள் நண்பர்களை நிறுத்தச் சொல்லுங்கள்.

அன்புடன்