கூட்டும் கைக்குக் கனக்காத வேக்குவம் எது?
வீட்டுக் கருவிகள்: வாசகர் கேள்வி – பதில்

எங்களுடையது 450 சதுர அடி ஃபிளாட். தரை முழுக்க டைல்ஸ். குனிந்து கூட்டினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. வயர் இல்லாத, எடை குறைந்த வேக்குவம் கிளீனர் பார்க்கப் போனால் ஒரு பெட்டியில் 12,000 பாஸ்கல், இன்னொன்றில் 25,000 பாஸ்கல், வேறொன்றில் 400 வாட் என்று போட்டிருக்கிறது. 8,000 ரூபாய்க்குள் எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, தாம்பரம்

முதலில் பாஸ்கலை ஒதுக்கிவையுங்கள். காற்று புகும் வாயை முழுதாக அடைத்துவிட்டு அளக்கும் இழுவிசை அது. தரையில் ஓடும்போது வாய் திறந்துதான் இருக்கும். அப்போது மண்ணைத் தூக்குவதற்கு இழுவிசை மட்டும் போதாது, காற்று வேகமாக ஓடவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்வது 'ஏர் வாட்' என்ற அளவு. குறைந்த விலை மாடல்களின் பெட்டியில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. வெறும் 'வாட்' என்றால் மோட்டார் தின்னும் மின்சாரம். அதை வைத்துச் சுத்தம் செய்யும் திறனைச் சொல்ல முடியாது.

நீங்கள் பார்க்க வேண்டியது பேட்டரி. அதன் மேல் வோல்ட்டும் மில்லிஆம்பியர்-அவர் (mAh) கணக்கும் அச்சிட்டிருப்பார்கள். லித்தியம் செல் ஒன்றுக்கு 3.7 வோல்ட். மூன்று செல் என்றால் 11.1, ஆறு என்றால் 22.2, ஏழு என்றால் 25.9 வோல்ட். 22.2 வோல்ட், 2,200 மில்லிஆம்பியர்-அவர், அதாவது 2.2 ஆம்பியர்-அவர் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். 22.2-ஐ 2.2-ஆல் பெருக்கினால் சுமார் 49 வாட்-அவர், அதாவது 49 வாட்டை ஒரு மணி நேரம் தரும் அளவு. சாதாரண வேகத்தில் மோட்டார் 150 வாட் எடுத்தால் இது 19, 20 நிமிடம் தாங்கும். 400 வாட்டில் ஓட்டினால் ஏழே நிமிடம். '400 வாட், 40 நிமிடம்' என்று ஒரே பெட்டியில் போட்டிருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. அதற்கு 267 வாட்-அவர் பேட்டரி வேண்டும், அதை வைத்தால் கருவி மிகவும் கனத்துவிடும். அந்த 40 நிமிடம் மிகக் குறைந்த வேகத்தில், பல சமயம் சுழலும் பிரஷைக் கழற்றிவிட்டு எடுத்த கணக்கு.

கட்டில், பீரோ, சோபா அடைத்த இடம் போக உங்கள் தரையை நிதானமாக ஓட்ட 12 முதல் 15 நிமிடம் ஆகும். ஜன்னல் வலை, சோபா மடிப்புக்கு இன்னும் ஐந்து நிமிடம். ஆகவே 45 வாட்-அவருக்குக் குறையாமல் வாங்குங்கள். 11.1 வோல்ட், 2,000 மில்லிஆம்பியர்-அவர் என்றால் 22 வாட்-அவர்தான். ஹாலை முடித்துப் படுக்கையறைக்குள் நுழையும்போது நின்றுவிடும்.

அடுத்தது எடை. இந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை கிலோ. மொத்த எடையைவிட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் உங்கள் இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் முக்கியம். மோட்டார், பேட்டரி, தூசி டப்பா மூன்றும் கைப்பிடியோடு மேலே இருந்தால் சோபா, பரண், மின்விசிறி இறக்கை எல்லாவற்றுக்கும் தூக்கிப் பிடிக்கலாம், ஆனால் பாரம் முழுதும் மணிக்கட்டில் விழும். கீழே இருந்தால் தரையில் தள்ளுவது சுலபம், மேலே தூக்குவது சிரமம். கடையிலேயே ஒரு கையால் இரண்டு நிமிடம் முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். நிமிர்ந்து நின்று முழங்கையை லேசாக மடக்கினால் பிரஷ் ஓர் எட்டு முன்னால் தரையில் படிய வேண்டும். குழாய் நீளம் போதாமல் குனிய வேண்டியிருந்தால் அந்த மாடல் உங்களுக்கு வேண்டாம். விசையை விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டிய மாடலும் வேண்டாம். ஒருமுறை தட்டினால் ஓடும் சுவிட்சே நல்லது.

டைல்ஸுக்கு மெத்தென்ற துணி ரோலர் வாங்குங்கள். விறைத்த நார் பிரஷ் கம்பளத்துக்கானது, வழவழப்பான தரையில் மணலை உள்ளே இழுப்பதற்கு முன்பே பின்னால் எறிந்துவிடும். ஒரு பிடி அரிசியும் ஒரு ஸ்பூன் மைதாவும் கொட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிரஷின் முன்பக்கம் தாழ்ந்திருந்தால் அரிசியை உள்ளே விடாமல் தள்ளிக்கொண்டே போகும். சுவரோரம் எவ்வளவு மாவு மிச்சமாகிறது என்றும் கவனியுங்கள்.

கடைசியாக, பேட்டரி தனியாகக் கழன்று வர வேண்டும், தனியாக விலைக்கும் கிடைக்க வேண்டும். அதன் விலையைக் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். பேட்டரியில் ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இவை இல்லாத லித்தியம் பேட்டரி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுக்குள் வர வேண்டாம்.

வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. இழுவை பாதியாகிவிட்டது. சில நேரம் விட்டு விட்டு உறுமுகிறது. வாசல் கோலமாவு உள்ளே வருவதையும் இதில்தான் எடுக்கிறேன்.
– வாசகி, விழுப்புரம்

கோலமாவுதான் காரணமாக இருக்கும். மணலும் முடியும் டப்பாவிலேயே சுழன்று தங்கிவிடும். கல்மாவு, திருநீறு, முகப்பவுடர் போன்ற நுண்பொடி ஃபில்டர் வரை போய் அதன் மடிப்புகளை அடைக்கும். காற்று போக வழியில்லாமல் மோட்டார் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள நின்று நின்று ஓடுகிறது. அதுதான் அந்த உறுமல்.

ஃபில்டரைக் கழற்றிவிட்டுச் சில விநாடி மட்டும் ஓட்டிப் பாருங்கள். இழுவை திரும்பினால் அடைப்பு ஃபில்டரில். திரும்பாவிட்டால் குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வளைவில் முடியும் பிளாஸ்டிக் கவர் துண்டும் சிக்கியிருக்கும். அங்கும் இல்லையென்றால் டப்பாவின் ரப்பர் வளையம் இடம் பெயர்ந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஃபில்டர் இல்லாமல் தரையில் ஓட்டவே கூடாது, பொடி நேராக மோட்டாருக்குள் போய்விடும்.

கழுவலாம் என்று குறித்திருந்தால் மட்டும் ஃபில்டரைக் கழுவுங்கள். முதலில் வாசலில் மெதுவாகத் தட்டிப் பொடியை உதிர்த்துவிடுங்கள். பிறகு குழாய்த் தண்ணீரை மெல்லத் திறந்து, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வடியும்படி காட்டுங்கள். சோப்பு, பிரஷ் வேண்டாம். நிழலில் முழுதாக 24 மணி நேரம், மழைக்காலத்தில் 48 மணி நேரம் காயட்டும். ஈரத்தோடு மாட்டினால் அதன் மேல் படியும் பொடி சேறாகிக் கெட்டிப்படும், நாற்றமும் வரும். அதனால் இரண்டாவது ஃபில்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. அரிசிமாவுக் கோலம் என்றால் டப்பாவை அன்றன்றைக்கே கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் எறும்பு மொய்க்கும்.

சிந்திய ரசத்தையும் இழுக்குமா?
– வாசகர், ஈரோடு

இழுக்காது, இழுக்கவும் விடாதீர்கள். ஈரத்துக்கென்றே செய்த மாடலைத் தவிர மற்றவற்றில் தண்ணீர் மோட்டாரைக் கெடுத்துவிடும். சாம்பிராணிக் கங்கு, அணையாத ஊதுபத்திச் சாம்பல், சிமெண்ட் தூள் ஆகியவற்றுக்கும் இதே தடைதான்.

ஓராண்டில் பேட்டரி ஐந்து நிமிடத்துக்கு வந்துவிட்டது. முழுதாகத் தீர்ந்த பிறகே சார்ஜ் போட்டேன். அப்படியும் ஏன்?
– வாசகர், மதுரை

முழுதாகத் தீர்த்துப் போடுவது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கான வழக்கம். லித்தியத்துக்கு அது கெடுதல். 20, 30 சதவீதம் இருக்கும்போதே சார்ஜ் போடுவதுதான் நல்லது. பொதுவாக இந்த செல்கள் 300 முதல் 500 முழு சார்ஜ் சுற்றுகளில் தங்கள் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். தினமும் கடைசிச் சொட்டு வரை ஓட்டினால் அந்தக் கணக்கு ஓராண்டிலேயே எட்டிவிடும்.

உங்கள் ஊர் வெயிலும் ஒரு காரணம். லித்தியம் செல்லை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. ஓட்டி முடித்ததும் பேட்டரி ஏற்கெனவே சூடாக இருக்கும். மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் அதே சூட்டோடு சார்ஜ் போட்டால் செல் வேகமாக மூப்படையும். அரை மணி நேரம் ஆறவிட்டு, வெயில் படாத சுவரில் மாட்டி, இரவில் படுக்கப் போவதற்குள் முடியும்படி போடுங்கள். ஒரு மாதம் ஊருக்குப் போவதாக இருந்தால் பாதி சார்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். காலியாக வைத்தால் மின்னழுத்தம் மேலும் இறங்கி, பாதுகாப்புச் சர்க்யூட் பிறகு சார்ஜையே ஏற்காது.

முனை பொருந்துகிறதே என்று வேறு கருவியின் அடாப்டரை மாட்டாதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். அதைக் குப்பையிலும் போடக் கூடாது, குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்கள்.

மகனுக்கு அடிக்கடி வீசிங் வருகிறது. ஹெப்பா ஃபில்டர் உள்ளதை வாங்கினால் போதுமா?
– வாசகி, கோவை

உதவும், ஆனால் அதுவே போதாது. 'ஹெப்பா டைப்' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருப்பதை விட்டுவிட்டு 'ஹெச் 13' என்று தரம் குறித்ததைத் தேடுங்கள். பிடிக்க மிகக் கடினமான நுண்துகளிலும் 99.95 சதவீதத்தை நிறுத்துவதே அந்தத் தரம். ஃபில்டர் எவ்வளவு நல்லதானாலும் டப்பா மூடியில் இடுக்கு இருந்தால் தூசி அந்த வழியாகத் திரும்பி வந்துவிடும்.

டப்பாவைத் திறக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். மகன் பக்கத்தில் இருக்கக் கூடாது. மாடியிலோ வாசலிலோ, ஒரு கவருக்குள் டப்பாவை நுழைத்து, மெதுவாகக் கொட்டிக் கட்டிவிடுங்கள். வீசிங்கைத் தூண்டக்கூடிய, கண்ணுக்குத் தெரியாத மெத்தைத் தூசிப் பூச்சிகள் துணியைக் கவ்விக்கொண்டிருப்பதால் உயிருள்ளவற்றை வேக்குவம் அதிகம் இழுக்காது. மேலாக இருக்கும் எச்சத்தை எடுக்கும், அதுவும் நல்லதுதான். பூச்சிக்கு வாரம் ஒருமுறை படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதே வழி. மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை இவற்றை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

நீளமான முடி ரோலரில் சுற்றி, சுழலவே மாட்டேன் என்கிறது.
– வாசகி, திருச்சி

பேட்டரியைக் கழற்றிவிட்டு ரோலரை வெளியே எடுங்கள். தையல் பிரிக்கும் ஊசியாலோ சின்னக் கத்தரியாலோ ரோலர் நீளவாக்கில் வெட்டி இழுங்கள். இரு முனைகளிலும் உள்ள மூடியைத் திறந்து பாருங்கள். அச்சில் சுற்றிய முடிதான் ரோலரை நிறுத்துகிறது, நடுவில் இருப்பது அல்ல. வாரம் ஒருமுறை இதைச் செய்யாவிட்டால் அச்சு சூடேறிப் பிளாஸ்டிக் உருகவும் கூடும்.

என்னால் 3,000 ரூபாய்தான் போட முடியும். ஓர் அறை, ஒரு சமையலறை.
– வாசகர், சிவகாசி

அந்த விலைக்கு வயரில்லாதது வேண்டாம். கிடைப்பதில் பெரும்பாலானவை சின்ன பேட்டரி போட்டவை, மாற்று பேட்டரியும் கிடைப்பது அரிது. அதே பணத்துக்கு வயர் உள்ள ஸ்டிக் வேக்குவம் நல்லதாகவே கிடைக்கும். ஐந்து, ஆறு மீட்டர் வயர் இருந்தால் ஒரே பிளக் பாயிண்ட்டில் உங்கள் வீடு முழுவதும் எட்டும். இழுவை கடைசி வரை குறையாது, கெடுவதற்குப் பேட்டரியும் இல்லை. நுழைவாயிலுக்கும் மூலைக்கும் பூந்துடைப்பம் ஒன்று கூடவே இருக்கட்டும்.