அண்ணாச்சி பதில்கள்: கண்ணாடிக்கு முன்னால

கேள்வி: அண்ணாச்சி, எங்க வீடு சபைக் குடும்பம், அப்பா 30 வருஷமா சபையில பொறுப்புல இருக்காவ. எனக்கு 26 வயசு, நர்ஸிங் முடிச்சிட்டு திருவனந்தபுரத்துல வேல பாக்கேன். கடவுள் இருக்காருன்னு எனக்கு தோணுது, அதுல மாத்தமில்ல. ஆனா புஸ்தகத்துல இருக்கு, போதகர் சொன்னாருங்கதுக்காக எல்லாத்தையும் அப்படியே நம்ப முடியல. ஒரு ஜெபக்கூட்டத்துல வாயத் திறந்து கேட்டுட்டேன், அன்னைக்கு ராத்திரியே நாலு பேரு வீட்டுக்கு வந்து தலையில கை வச்சு பிசாச விரட்டுனாங்க. அம்மை ஒரே அழுகை. எந்த மதத்துக்குள்ளயும் நிக்காம எனக்க சொந்த புத்திய வச்சு கடவுள தேட முடியுமா? அப்படி தேடுனவங்க யாராவது உண்டா? (ஒரு வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: மக்களே, முதல்ல ஒண்ணு சொல்லிடுதேன், உனக்குள்ள பிசாசு எதுவும் இல்ல. கேள்வி கேக்குற புத்தியத்தான் அவங்க பிசாசுன்னு நினைச்சிட்டாங்க, அந்த புத்தியும் கடவுள் தந்ததுதானேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா உனக்க அம்மைக்கு அந்த அழுகை இருந்திருக்காது.

தேட முடியுமான்னா முடியும். தேடுனவங்களும் உண்டு, அதுவும் நீ பஸ் ஏறிப் போற தூரத்துலயே. எனக்கு பத்து வயசு இருக்கும்போ தாத்தா என்னை கன்னியாகுமரி பக்கம் சாமித்தோப்புல இருக்க அய்யா வைகுண்டர் பதிக்கு, அவரு வழிய நம்புறவங்க கும்பிடுற இடத்துக்கு, கூட்டிட்டு போனாவ. உள்ள போறதுக்கு முன்னால என் சட்டைய கழட்டச் சொல்லி, தோள்ல கிடந்த தோர்த்த எடுத்து தலப்பாவா சுத்தி கட்டிவிட்டாவ. தலப்பா கட்டக்கூடாதுன்னு ஒரு காலத்துல நம்ம ஆளுகளுக்கு தடை இருந்துச்சு, அதனாலதான் ஜாதிக் கொடுமைய எதிர்த்து நின்ன அய்யா வைகுண்டர் எல்லாரையும் கட்டச் சொன்னாருன்னு அப்புறமாத்தான் புரிஞ்சுச்சு. கருவறை மாதிரி இருக்க பள்ளியறையில ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு எரியுது, நடுவுல சாமி சிலை இருக்கும்னு எட்டி பாக்கேன், அங்க ஒரு நிலைக்கண்ணாடி, அதுக்குள்ள தலப்பாவ கோணலா கட்டிக்கிட்டு முழிச்சிட்டு நிக்குற ஒரு பையன், நான்தான். சாமி எங்க தாத்தான்னு கேட்டேன். "பாத்துட்டுதானே நிக்க" அப்படின்னாவ, அவ்வளவுதான், வேற ஒண்ணும் சொல்லல. இப்ப எனக்கு அறுபது தாண்டியாச்சு, அந்த ஒரு வார்த்தைய இன்னும் மென்னுக்கிட்டே இருக்கேன்.

அங்கருந்து கொஞ்சம் தள்ளி மருந்துவாழ்மலை. கேரளத்துல ஜாதிய எதிர்த்த ஸ்ரீநாராயண குரு வாலிப வயசுல அங்க ஒரு குகையில தனியா இருந்து தவம் பண்ணுனாரு, பிள்ளத்தடம்னு சொல்லுவாங்க, இப்பவும் ஏறிப் போய் பாக்கலாம். 1888ல அவரு அருவிப்புறத்துல ஆத்துல இருந்து ஒரு கல்ல எடுத்து சிவன்னு பிரதிஷ்டை பண்ணுனாரு, தாழ்ந்த ஜாதின்னு சொல்லி ஆளுகள கோயிலுக்குள்ள விடமாட்டோம்னு சொன்ன காலத்துல அதுவே பெரிய புரட்சி. ஆனா அவரு அந்தக் கல்லோட நிக்கல பாரு, 1927ல சேர்த்தலை பக்கம் களவங்கோடத்துல பிரதிஷ்டைக்கு கூப்பிட்டப்போ சிலைக்கு பதிலா கண்ணாடிய வச்சாரு. இங்க 1851ல மறைஞ்ச வைகுண்டருக்க கண்ணாடி, அங்க 1927ல குருவுக்க கண்ணாடி, நம்ம மண்ணுலயே ரெண்டு தடவ ஒரே விஷயத்த சொல்லியாச்சு. தேடுறவன் யாருன்னு முதல்ல பாருன்னுதான் எனக்கு அது படுது.

வெளிநாட்டுல கேட்டா தாமஸ் பெயின் ஞாபகம் வருவாரு. இங்கிலாந்துல பொறந்து அமெரிக்க விடுதலைக்காக எழுதுனவரு, அப்புறம் பிரெஞ்சு புரட்சிக்கு போனாரு, 1793 டிசம்பர் கடைசில பாரிஸ்ல அவரையே புடிச்சு ஜெயில்ல போட்டாங்க. போற வழியில ஒரு கையெழுத்துப் பிரதிய சிநேகிதர் கையில ஒப்படைச்சிட்டுப் போனாரு, அதுதான் பகுத்தறிவு யுகம்னு பேர் வாங்குன புஸ்தகத்தோட முதல் பாகம். நெறைய பேரு அத நாத்திக புஸ்தகம்னு நினைக்காங்க, இல்ல மக்களே, கடவுள் ஒருத்தர் உண்டு, அவருக்கு மேல எதுவும் வேண்டாம்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டுத்தான் எழுதுறாரு, பிரான்ஸ்ல ஜனங்க சபைய வெறுக்குற வேகத்துல கடவுளையே விட்டுடுவாங்களோன்னு பயந்து எழுதுனது. அவருக்க கோபம் என்னன்னா, கொலையையும் பழிவாங்கலையும் கடவுள் பேர்ல எழுதி வச்சு அவர அசிங்கப்படுத்திட்டாங்கங்கறதுதான். இத எழுதுனதுக்காக ஊரே அவர ஒதுக்குச்சு, 1809ல நியூயார்க்குல செத்தப்போ அடக்கத்துக்கு வந்தவங்கள விரல்ல எண்ணிடலாம். அதே 1809லதான் வைகுண்டர் பொறந்தாருங்கறது எனக்கு எப்பவுமே ஒரு மாதிரி இருக்கும்.

பெயினுக்க கோபம் எனக்கு எப்ப புரிஞ்சுச்சுன்னு சொல்லுதேன். 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை, கிறிஸ்மஸுக்கு மறுநாள். சுனாமி அடிச்சு ரெண்டு நாள் கழிச்சு நாங்க நாலஞ்சு பேரு அரிசியும் பாயும் ஏத்திக்கிட்டு வேன்ல மணக்குடிக்கு போனோம். கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் சேர்த்த பாலம் ஒடஞ்சு காங்கிரீட்டு துண்டுதுண்டா தண்ணியில கிடக்கு. ஒரு வீட்டுல கூரையே இல்ல, ஆனா திண்ணைக்கு மேல கட்டுன கிறிஸ்மஸ் ஸ்டார் மட்டும் நனைஞ்சு தொங்கிட்டு இருந்துச்சு, நூல் அறுபடல. அதுக்கு கீழ உக்காந்திருந்தவரு என்னைப் பாத்து கேட்டாரு, "வெள்ளிக்கிழமை ராத்திரி பிள்ளைய தோள்ல போட்டு பூசைக்கு போனேன் சார், ஞாயித்துக்கிழமை பிள்ள இல்ல, இதுல கடவுளுக்க கணக்கு என்ன?" எனக்கு வாயே வரல, அவரு பக்கத்துல சும்மா உக்காந்துட்டு வந்தேன்.

அடுத்த வாரம் ஒரு கூட்டத்துல ஒருத்தர் மைக்க புடிச்சு இது பாவத்துக்கு கிடைச்ச தண்டனைன்னு பேசுனாரு. எனக்கு உடம்பெல்லாம் நடுங்குச்சு. சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில ஒரு பாறைத்தட்டு இன்னொண்ணுக்கு கீழ போய் அமுங்கி அமுங்கி, ஒருநாள் 1,200 கிலோமீட்டருக்கு மேல விண்டுச்சு, கடல் எழும்பி வந்துச்சு. அந்தப் பாறைக்கு மணக்குடியில தூங்குன பிள்ளை செஞ்ச பாவம் எப்படி தெரியும்? 1755 நவம்பர் 1ம் தேதி போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன்லயும் இதே கதைதான், புனிதர் எல்லாருக்குமான திருநாள், சர்ச் நெறைய ஆளு, பூமி குலுங்கி சர்ச்சே அவங்க தலையில விழுந்துச்சு. அன்னைக்கும் தண்டனைன்னு சொன்னவங்க உண்டு, பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் மாதிரி கடவுள நம்பிக்கிட்டே அந்தப் பேச்ச எதிர்த்தவங்களும் உண்டு. புத்தியால கடவுள முழுசா புடிச்சிட முடியுமோ முடியாதோ, கடவுள் மேல நாம ஏத்தி வச்ச பழிய கீழ இறக்க முடியும். பிள்ளையக் கொல்லுற கடவுள நான் அன்னைக்கு விட்டேன், கடவுள விடல.

அதுக்கப்புறம் ஒரு நோட்டுல மூணு கோடு போட்டு எழுத ஆரம்பிச்சேன், நீயும் செஞ்சு பாரு. நானே கண்டு அனுபவிச்சது ஒரு பக்கம், அடுத்தவங்க சொல்லிக் கேட்டது ஒரு பக்கம், இப்படி இருந்தா நல்லாருக்கும்னு நான் ஆசப்படுறது ஒரு பக்கம். கடவுளப் பத்தி மனசுல இருக்கறத எல்லாம் எதுல வரும்னு பிரிச்சு எழுதணும். முதல் மாசம் எனக்கு கேட்ட பக்கம்தான் நெறஞ்சுச்சு. அடுத்து வந்ததுதான் கஷ்டம், கண்டதுன்னு நான் எழுதுனதுல பாதிய ஆசைப் பக்கத்துக்கு மாத்த வேண்டியதாச்சு, ஏன்னா போதகர் சொல்லுறத சோதிக்கத் தெரிஞ்ச புத்தி நமக்க ஆசைய சோதிக்க வரும்போ பைய கண்ண மூடிக்கிடும். இப்ப கண்ட பக்கத்துல எனக்கு ரொம்ப கொஞ்சம்தான் மிச்சம், இந்த உலகத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்குங்கது ஒண்ணு, அடுத்தவனுக்க வேதனைய பாத்தா எனக்குள்ள ஒண்ணு உருகுது, அத நான் உண்டாக்கலங்கது ஒண்ணு. ஜெபம் அங்க கேக்குதா இல்லையாங்கது இன்னும் ஆசைப் பக்கத்துலதான் இருக்கு. ஆனாலும் தினம் சாயங்காலம் விளக்கு முன்னால உக்காருதேன்.

அப்பாகிட்ட சண்டைக்கு போகாத. சபைக்கு கூப்பிட்டா கூடப் போய் உக்காரு, பாட்டு பாட மனசு வந்தா பாடு, நம்பாதத நம்புறேன்னு மட்டும் வாயால சொல்லாத. நீ நர்ஸ், ராத்திரி டூட்டில வலியில கெடக்குறவங்க கைய புடிச்சிருப்ப, அந்த நேரத்துல உனக்கு என்ன தோணுச்சோ அத அந்த நோட்டுல முதல்ல எழுது.

கேள்வி: பகுத்தறிவுன்னா நாத்திகம்தானே? பகுத்தறிவால கடவுள தேடுறதுன்னா தண்ணியில நெருப்பு தேடுற மாதிரி இல்லையா? (ஒரு வாசகர், பாறசாலை)

பதில்: நம்ம தமிழ்நாட்டு அரசியல்ல அந்த வார்த்த கடவுள் மறுப்போட ஒட்டிக்கிட்டதால அப்படி தோணுது சார். பகுத்து அறியறதுன்னா பிரிச்சு பாத்து தெரிஞ்சுக்கிடுறது, பாத்ததுக்கு அப்புறம் இருக்குன்னும் வரலாம் இல்லன்னும் வரலாம், விடைய முன்னாலயே முடிவு பண்ணி வச்சிட்டு பாக்குறதுக்கு பேரு பகுத்தறிவு இல்ல. உங்க கேரளத்துலயே பாருங்க, நாராயண குரு மனுஷனுக்கு ஒரு ஜாதி ஒரு மதம் ஒரு தெய்வம்னு சொன்னாரு. அவருக்க சீடரு சகோதரன் ஐயப்பன், 1917ல செறாயில வேற வேற ஜாதிக்காரங்கள ஒண்ணா உக்கார வச்சு சாப்பிட வச்சவரு, ஜாதி வேண்டாம் மதம் வேண்டாம் தெய்வம் வேண்டாம் மனுஷனுக்குன்னு அத மாத்தி சொன்னாரு. குரு அவர தள்ளி வைக்கல, கடைசி வரைக்கும் சீடனாத்தான் வச்சிருந்தாரு. 1924ல ஆலுவாயில குரு சர்வமத சம்மேளனம் கூட்டுனப்போ, வாதம் பண்ணவும் ஜெயிக்கவும் இல்ல, அறியவும் அறிவிக்கவும்னு எழுதி வச்சாங்க. கடவுளப் பத்தி பேச உக்காருறதுக்கு இத விட நல்ல சட்டம் நான் பாத்ததில்ல.

கேள்வி: அண்ணாச்சி, மகன் பிளஸ் டூ படிக்கான். மாமனார் போன வருஷம் தவறிட்டாவ. வாற ஆடி அமாவாசைக்கு குழித்துறை ஆத்துல பலி போட வரமாட்டேன், எள்ளும் சோறும் செத்தவங்களுக்கு எப்படி போகும்னு கேக்கான். எனக்க வீட்டுக்காரருக்கு மனசே சரியில்ல. என்ன செய்யலாம்? (ஒரு தாய், குழித்துறை)

பதில்: தங்கச்சி, அவன் கேட்டது சரியான கேள்வி, கோவப்படாதீங்க. போகும்னு சத்தியம் பண்ணவும் வேண்டாம், நமக்கு தெரியாததத் தெரியும்னு பிள்ளைகிட்ட சொன்னா அவன் நாளைக்கு நாம சொல்லுற வேற எதையும் நம்ப மாட்டான். பலி போடுறது அவங்க அப்பா போடட்டும், அது மகன் அப்பாவுக்கு செய்யுற காரியம். இவன் மந்திரம் சொல்ல வேண்டாம், தர்ப்பை போட வேண்டாம், கூட வந்தா மட்டும் போதும்னு சொல்லுங்க. விடியறதுக்கு முன்னாலயே கூட்டம் கூடிடும், படியெல்லாம் பாசி புடிச்சு வழுக்கும், ஆடி மாசம் தண்ணிக்கு இழுப்பும் கூடுதல். அப்பா எலய கையில வச்சிட்டு கண்ணு கலங்கி இறங்கும்போ, அவருக்க மத்த கைய இவன் புடிச்சுக்கிடட்டும்.