பழைய கேரவன் வேனுக்குள் மொபிலிட்டி ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு பயணம் செய்யலாமா?

படுக்கையும் சமையல் மேடையும் அமைத்த 20 வருடப் பழைய வேனில், நடக்க முடியாத தாயாரின் பேட்டரி ஸ்கூட்டரை உள்ளேயே வைக்கலாமா, பின்பக்கம் கேரியர் மாட்டுவது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளேயே வையுங்கள். ஆனால் ஏற்றுவதற்கு முன்னால், வேனின் தரைப்பலகை அந்த எடையைப் பிடித்து நிறுத்துமா என்று பார்த்துவிடுங்கள். நாங்கள் அதைப் பார்க்காமல் கிளம்பியதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு சென்னை ராயபுரத்தில் இருக்கிறது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் சரியாக ஊன்ற முடியாமல் போனபின், 52 கிலோ எடையுள்ள நான்கு சக்கர ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினோம். ஒவ்வொரு வருடமும் செப்டம்பரில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு அவரை அழைத்துப் போவதற்காக, 2004-இல் பதிவான டெம்போ டிராவலர் ஒன்றையும் படுக்கை வைத்து வைத்திருக்கிறோம். நீண்ட பயணத்துக்கு முன் ஒரு நாள் எண்ணூரில் உள்ள அத்தை வீட்டுக்கு வெள்ளோட்டமாகப் புறப்பட்டோம். ஸ்கூட்டரை நைலான் கயிற்றால் படுக்கைக் காலோடு கட்டியிருந்தேன். எண்ணூர் விரைவு சாலையில் முன்னால் போன கண்டெய்னர் லாரி திடீரென்று நின்றதும் நானும் பிரேக்கை அழுத்தினேன். படுக்கைக் காலை இறுக்கியிருந்த திருகுகள் பலகையோடு பிய்ந்து வர, ஸ்கூட்டர் நகர்ந்து வந்து அப்பாவின் காலுக்கு ஒரு சாண் தள்ளி அலமாரியில் மோதி நின்றது. அலமாரிக் கதவு உடைந்ததோடு போயிற்று. அந்த ஒரு சாண் இடைவெளியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

மறுநாள் தண்டையார்பேட்டையில் தெரிந்த வெல்டிங் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பட்டறை அண்ணன் தரை விரிப்பைச் சுருட்டிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் பலகையைக் குத்திக்கொண்டே வந்தார். பின்கதவுக்கு அருகில் அது பழுத்த பப்பாளியில் இறங்குவதுபோல் இறங்கியது. "மேலே எவ்வளவு நல்ல பெல்ட் போட்டாலும் இந்தப் பலகை பிடிக்காது சார், போல்ட்டோடு சேர்ந்து வந்துவிடும்" என்றார். கதவு ரப்பர் வழியாக வருடக்கணக்கில் மழைத்தண்ணீர் கசிந்து ப்ளைவுட்டை ஊறவைத்திருந்தது. கீழே, கடற்கரைக்குப் பக்கத்திலேயே நின்ற வண்டியின் குறுக்குச் சட்டங்களில் இரண்டு, உப்புக்காற்றில் அரித்துச் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தன. பழைய வண்டி என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விரிப்பை எடுத்து, ஓரங்களையும் கதவடியையும் சக்கர மேடு சுற்றிய இடங்களையும் குத்திப் பாருங்கள். அடியில் படுத்து டார்ச் அடித்தும் பாருங்கள்.

அந்தச் சட்டங்களை மாற்றி, மேலே 19 மி.மீ. மரைன் ப்ளைவுட் போட்டோம். ஸ்கூட்டர் நிற்கும் இடத்தின் நான்கு மூலைகளிலும் வளைய போல்ட்டுகளைப் பலகையோடு நிறுத்திவிடாமல், கீழே சட்டம் வரை துளைத்து, அடியில் தடித்த இரும்புத் தகடு கொடுத்து முறுக்கினோம். லாரிக்காரர்கள் சரக்கு கட்டப் பயன்படுத்தும் ராட்சட் பெல்ட்டுகள் (பல்சக்கரக் கைப்பிடியால் இறுக்குபவை) நான்கை முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக, சாய்வாக இழுத்துக் கட்டுகிறோம். பெல்ட் கொக்கி ஸ்கூட்டரின் அடிச்சட்டத்தில்தான் மாட்ட வேண்டும். கழற்றக்கூடிய இருக்கையிலும், மடங்கும் கைப்பிடித் தண்டிலும் மாட்டினால் அவை கையோடு வந்துவிடும். சக்கர நாற்காலியை வண்டியில் பிணைக்கும் சாதனங்களைச் சோதிப்பதற்கான சர்வதேசத் தரம், மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது புவியீர்ப்பைப்போல் சுமார் 20 மடங்கு விசை வருவதாக எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் எங்கள் 52 கிலோ ஸ்கூட்டர் ஒரு டன்னுக்கு மேல் இழுக்கும். வேன் ஓடும்போது தாயாரை ஸ்கூட்டரிலேயே உட்கார வைக்காதீர்கள். அவர் வேனின் இருக்கையில் பெல்ட் போட்டு அமரட்டும். ஸ்கூட்டர் எந்தக் கதவையும் மறித்து நிற்கக் கூடாது. அவசரத்துக்கு அவரைத் தூக்கிக்கொண்டு இறங்க ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

ஏற்றுவதற்குச் சாய்தளப் பலகையின் நீளம்தான் முக்கியம். எங்கள் வேனின் தளம் தரையிலிருந்து 68 செ.மீ. உயரம். முதலில் வாங்கிய 1.5 மீட்டர் பலகையில் தள்ளினால் கிட்டத்தட்ட 24 கிலோ விசை தேவைப்பட்டது. மேலே ஏறி முடியும் இடத்தில் ஸ்கூட்டரின் வயிறும் தட்டி நின்றது. 2.8 மீட்டருக்கு, இரண்டாக மடியும் அலுமினியப் பலகை செய்தபின் அதே வேலைக்கு 13 கிலோ போதுமானதாகிவிட்டது. இருக்கையையும் பேட்டரியையும் கழற்றிவிட்டால் இன்னும் குறையும். பேட்டரி இருக்கும்போது, நான் பக்கத்தில் நடந்தபடியே மிகக் குறைந்த வேகத்தில் மோட்டாராலேயே ஏற்றுகிறேன். தள்ளுவதற்காக, மோட்டார் பிடியிலிருந்து சக்கரத்தை விடுவிக்கும் ஃப்ரீவீல் நெம்புகோலை இயக்கினால் மின்காந்த பிரேக் போய்விடும் என்பதை மறக்காதீர்கள். அந்த நிலையில் பலகையில் கை நழுவினால் ஸ்கூட்டர் உங்கள் மேலேயே இறங்கும், ஆகவே பின்னாலிருந்து தள்ளாமல் வேனுக்குள்ளிருந்து கை வின்ச்சால் (கையால் சுற்றிக் கயிற்றை இழுக்கும் உருளையால்) இழுப்பதே பத்திரம். எங்கள் தெருவில் பலகையை விரிக்க இடம் கிடைப்பது காலை ஆறு மணிக்கு முன்னால்தான்.

கேரியரை நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ஸ்கூட்டரும் கேரியருமாக 85 கிலோ, பின் அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் தொங்கினால், அச்சுகளுக்கிடையே 3 மீட்டர் உள்ள வேனில் முன்சக்கரத்தின் மேல் உள்ள எடை 42 கிலோ குறைந்து, பின் அச்சில் 127 கிலோ கூடும். பழைய பட்டை ஸ்பிரிங் அதைத் தாங்கினாலும் ஸ்டியரிங் லேசாகிவிடும். மழையும் உப்புக்காற்றும் ஸ்கூட்டரின் கண்ட்ரோலருக்கு (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டிக்கு) எமன். உள்ளேயும் இரண்டு அச்சுகளுக்கு நடுவில், முடிந்த அளவு தாழ்வாக வையுங்கள். எல்லாச் சாமானையும் ஆட்களையும் ஏற்றி ஒருமுறை எடை மேடையில் நிறுத்தி, பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பாடியை வெட்டுவதாகவோ இருக்கை அமைப்பை மாற்றுவதாகவோ இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் அனுமதி வாங்க வேண்டும்.

ஓடும்போது பேட்டரியை சார்ஜ் போடுவதில்லை, சாவியை எடுத்துவிடுகிறோம். மே மாத வெயிலில் பூட்டிய வேனுக்குள் பேட்டரியை விடுவதும் இல்லை. வீட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறோம்.

வேளாங்கண்ணிக்குக் கிளம்பினால் திருவான்மியூர் தாண்டியதும் வண்டியை ஒருமுறை ஓரம் கட்டுவோம். கட்டிய பெல்ட் முதல் சில கிலோமீட்டரில் சற்றுத் தளரும். அப்பா தம் இருக்கையிலிருந்தே கை நீட்டி, எட்டுகிற பெல்ட்டை விரலால் சுண்டிப் பார்ப்பார். தளர்ந்த சத்தம் கேட்டால் நான் இன்னும் ஒரு பல் இறுக்குவேன்.