பாலைப்பழக் கதைக்கு ஏன் லைக் விழேல்லை?

வணக்கம் அண்ணா,
நான் ஒட்டுசுட்டான் பக்கம். அண்ணனோட காட்டில பாலைப்பழம் பிடுங்கப் போனதைக் கதையா எழுதி ஃபேஸ்புக்கில போட்டன், 11 லைக், அதில 2 மாமாமார். பிறகு முள்ளிவாய்க்காலில அம்மம்மாவைத் தவறவிட்டதை எழுதினன், 300 பேருக்கு மேல ஷெயார் பண்ணினவை. ஆனா அப்ப எனக்கு 4 வயசு, ஒண்டும் ஞாபகமில்லை, அம்மா சொன்னதை நான் பாத்த மாதிரி எழுதிட்டன். இப்ப ஒரு மாதிரிக் கிடக்கு. இனி எதை எழுதுறது?

தங்கச்சி,
அந்த "ஒரு மாதிரிக் கிடக்கு" எனக்கு வர கனகாலம் எடுத்தது. நானும் 2009 போர் பற்றி ஒரு கதை எழுதினனான், பங்கருக்குள்ள அம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு அழுவா, வெளிநாட்டில இருந்தெல்லாம் அழுதழுது மெசேஜ் போட்டவை. உண்மையில அம்மா அழேல்லை. கோழி ரெண்டையும் கூட்டுக்குள்ள விட்டிட்டு வந்திட்டன் எண்டு என்னோட சண்டை, ஷெல் விழ விழக் கோழிக் கதைதான். சனம் சிரிச்சிடும் எண்டு பயந்து அதை வெட்டினனான். அம்மா வாசிச்சிட்டு "உது ஆற்ற அம்மா?" எண்டா. நான் பேசாமல் தேத்தண்ணியைக் குடிச்சன்.

அதுக்காக சனத்தைப் பாக்காமல் எழுதுங்கோ எண்டு சொல்லமாட்டன், அது எழுத்தாளர்மார் பேட்டியில சொல்லுற கதை, சொல்லுறவையும் லைக் எண்ணுறவைதான். முல்லைத்தீவில கோவலன் கூத்துப் பாத்திருப்பியள். விடியவிடிய ஆடேக்க அரைவாசிச் சனம் பாயில நித்திரை, ஆனா களரிக்குக் கிட்ட ஒரு கிழவி இருப்பா, பாட்டு முழுக்க அவவுக்கு மனப்பாடம், ஒரு அடி விட்டுப் பாடினால் கூத்துப் பழக்கின அண்ணாவியாருக்கு முதல் அவவின்ர தலை நிமிரும். ஆடுறவனுக்கு அவவுக்குத்தான் பயம், விசிலடிக்கிற பெடியளுக்கில்லை.

உங்கட முள்ளிவாய்க்கால் கதைக்கு அந்தக் கிழவி உங்கட அம்மா. அவவுக்கு வாசிச்சுக் காட்டினனீங்களோ? எனக்கு ஞாபகமில்லை, அம்மா சொல்லச் சொல்லக் கேட்டன் எண்டே எழுதியிருக்கலாம், அதுவும் குறைஞ்ச கதை இல்லை.

பாலைப்பழக் கதையைத் தேடி வாசிச்சன். கோவிக்காதேங்கோ, லைக் விழாததுக்குச் சனத்தில மட்டும் பிழை இல்லை. "இயற்கை அன்னையின் மடியில்" எண்டு தொடங்குது, அது டீச்சரிட்ட மார்க்ஸ் வாங்க எழுதினது. அண்ணன் கொப்பை முறிச்சவனோ, ஏறிப் பிடுங்கினவனோ? பால் ஒட்டி சொண்டு திறக்கேலாமல் நிண்டிருப்பியளே, அது எங்க?

திருத்திப்போட்டு அனுப்புங்கோ. சீசன் வந்தால் பழமும் ஒரு சரை.