ஆறு மாதம் தாண்டினால் கை தேறாதா?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம், வலது கை விரல்கள் கொஞ்சம்தான் விரிகின்றன, ‘ஆறு மாதத்துக்குப் பிறகு ஒன்றும் தேறாது’ என்று சொல்லிவிட்டார்கள் என எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சை நான் ஏற்கமாட்டேன். முதல் சில மாதங்களில் மீட்சி வேகமாக இருக்கும், பிறகு மந்தமாகும். அது நிஜம். ஆனால் கதவு அடைபடுவதில்லை.

விரல்கள் விரிகின்றன என்றீர்களே, முக்கியமான விஷயமே அதுதான். நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையையே வேலை வாங்கும் பயிற்சி ஒன்று உண்டு. 2006-இல் வெளியான எக்ஸைட் ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரைச் சேர்த்தார்கள். இரண்டு வாரம் கடும் பயிற்சி. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி உறை. அதனால் கிடைத்த பலன் ஓராண்டு கழித்தும் நின்றது. மணிக்கட்டும் விரல்களும் சிறிதாவது தாமாக நிமிர்பவர்களுக்கே இது பொருந்தும். அப்பாவின் பிசியோதெரபிஸ்டிடம் இதை நேராகக் கேளுங்கள். ஊன்றுகோல் பிடித்து நடக்கும்போது உறை வேண்டாம், விழுந்தால் எல்லாம் வீண்.

பக்கவாதத்தால் பலவீனமான கை தேற உதவ, கழுத்து வழியே செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவிக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு அறுவை சிகிச்சை தேவை, பயிற்சியும் கூடவே வேண்டும். இப்போதைக்கு அவசரப்பட மாட்டேன்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுவாக்ஸெடின் மாத்திரையால் கை தேறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 3,000-க்கும் மேற்பட்டோரிடம் செய்த ஃபோகஸ் ஆய்வில் செயல்திறன் கூடவில்லை, எலும்பு முறிவுதான் கூடியது. மனச்சோர்வுக்காக மருத்துவர் கொடுத்திருந்தால் அது வேறு, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தோள் வலி இருக்கிறதா? அதை எழுதவில்லையே. இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள்.