அனுமதிக்குப் பிறகுதான் வேலை: மரபணு மாற்றப் பயிர்கள் பற்றிய வாசகர் கேள்விகள்

ஊரே பி.டி. பருத்தி விதைக்கிறது. ஓரத்தில் சாதாரணப் பருத்தியும் விதைக்க வேண்டும் என்கிறார்கள். இடம் வீண்தானே?

வீண் இல்லை. அந்த ஓரம்தான் விதையின் ஆயுளைக் காக்கிறது. பி.டி. என்பது ஒரு மண் பாக்டீரியாவின் பெயர்ச் சுருக்கம்; அதன் மரபணு சேர்க்கப்பட்ட செடி காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைத் தனக்குள்ளேயே உண்டாக்குகிறது. அதைத் தாங்கும் புழு எங்காவது ஒன்றிரண்டு பிழைக்கும். அவை அந்துப்பூச்சிகளாகித் தமக்குள்ளேயே இணை சேர்ந்தால் பிறப்பவையும் தாங்கும். பக்கத்தில் சாதாரணப் பருத்தி இருந்தால் அங்கே வளரும் ஏராளமான அந்துப்பூச்சிகள் இவற்றோடு இணை சேர்ந்து, அந்தத் திறன் பரவுவதைத் தாமதப்படுத்தும். இதற்குப் புகலிடப் பயிர் என்று பெயர்.

இந்தியாவில் 2002-இல் பி.டி. பருத்தி வந்தபோது சாதாரண விதைப் பொட்டலமும் உடன் கொடுக்கப்பட்டது. பலர் அதை விதைக்கவே இல்லை. 2010-இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒரே மரபணு கொண்ட முதல் ரகத்தைத் தாங்குவது தெரியவந்தது; சில ஆண்டுகளில் இரண்டு மரபணு கொண்ட ரகமும் அதனிடம் தோற்றது. அமெரிக்காவின் அரிசோனாவிலோ விவசாயிகள் புகலிடப் பயிரை ஒழுங்காக விதைத்தார்கள்; 2006 முதல் புகலிடத்துக்குப் பதிலாக மலட்டு அந்துப்பூச்சிகள் வயல்களில் விடப்பட்டன. 2018-இல் அந்நாட்டின் பருத்தி வயல்களிலிருந்தே அந்தப் புழு ஒழிந்ததாக அரசு அறிவித்தது.

பழியை விவசாயி மேல் போடுவதை நான் ஏற்கமாட்டேன். ஒருவர் மட்டும் புகலிடம் விட்டால் நட்டம் அவருக்கு, பலன் ஊருக்கு. அப்படிப்பட்ட ஏற்பாடு நிலைக்காது. சாதாரண விதையைப் பையிலேயே கலந்து விற்கச் சட்டம் செய்யலாம். புகலிடத்தில் வரும் இழப்பை அரசே ஈடுகட்டலாம்.

இவற்றைச் சாப்பிடலாமா?

மரபணு மாற்றம் என்ற ஒரே காரணத்தால் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது. ஒவ்வொரு பயிரையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சோதனை முடிவுகளை முழுமையாக வெளியிடுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்கலாமா?

ரகத்தையும் நாட்டுச் சட்டத்தையும் பொறுத்தது. கலப்பின விதை என்றால் அடுத்த பருவத்தில் குணம் சிதறும். காப்புரிமை இருந்தால் சட்டமே தடுக்கலாம். வங்கதேசம் 2013-இல் அனுமதித்த பி.டி. கத்தரி அப்படியல்ல: அரசு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, விதை சேமிக்கக்கூடிய ரகங்கள். பொதுப் பணத்தில் ஆராய்ச்சி நடந்தால் விவசாயி கையில் விதை தங்கும்; கொள்கை வகுப்பவர்கள் முதலில் பேச வேண்டியது இதைத்தான்.

நான் இயற்கை விவசாயி. பக்கத்து வயல் மகரந்தம் என் பயிரில் கலந்தால் யார் பொறுப்பு?

பொறுப்பு யாருக்கு என்று முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் பெரும்பாலும் நீங்கள்தான் சுமப்பீர்கள். ஜெர்மனியில் மரபணு மாற்ற மக்காச்சோளத்துக்கும் இயற்கை மக்காச்சோளத்துக்கும் இடையே 300 மீட்டர் இடைவெளி வேண்டும். சாதாரண மக்காச்சோளம் என்றால் 150 மீட்டர். கலப்பால் நட்டம் வந்தால் மரபணு மாற்றப் பயிர் விதைத்தவரே ஈடு தர வேண்டும்.

விளைச்சல் கூடுகிறது என்றால் ஏன் தயங்க வேண்டும்?

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் பி.டி. பருத்தி புழுவைக் கட்டுப்படுத்தியது, ஆனால் இழையின் நீளம் குறைந்தது. வாங்குவோர் விலையைக் குறைக்கவே, பருத்தி நிறுவனங்கள் அதைக் கைவிட்டன. எனவே விதை வாங்கும் முன் அறுவடையை வாங்குபவரிடம் பேசுங்கள்: எந்தத் தரத்துக்கு என்ன விலை, கலப்பு தெரிந்தால் ஏற்பாரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.