கடன் வாங்கிக் கழித்தல்: பெற்றோர் கேட்டவை

கேள்வி: 47 + 38 கேட்டால் மகள் 715 என்று எழுதுகிறாள். கூட்டல் தெரியும், ஆனாலும் தப்பாகிறது.

பதில்: 7 + 8 = 15, 4 + 3 = 7. கூட்டியதில் பிழையே இல்லை. ஒன்றுகளின் இடத்தில் 9-க்கு மேல் நிற்காது என்பதுதான் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. தீக்குச்சியும் ரப்பர் பேண்டும் கொடுங்கள். பத்துக் குச்சி ஒரு கட்டு. 47-க்கு 4 கட்டு, 7 உதிரி. 38-க்கு 3 கட்டு, 8 உதிரி. உதிரிகளைச் சேர்த்தால் 15. அதில் பத்தை எண்ணி அவளே கட்டுப் போடட்டும். இப்போது 8 கட்டு, 5 உதிரி. விடை 85. பத்துகளின் தலையில் போடுகிற 1, அவள் கையால் போட்ட அந்தக் கட்டுதான். இது புரியும் முன் "கையில் 1" என்று மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்.

கேள்வி: 52 − 27-க்கு மகன் 35 என்கிறான்.

பதில்: 2-இல் 7 போகாது என்றதும் 7-இல் 2-ஐக் கழித்துவிட்டான். மிகப் பரவலான தவறு இது. "பெரியதிலிருந்து சின்னதைக் கழி" என்று ஆரம்பத்தில் நாம் சொல்லிப் பழக்குவதும் ஒரு காரணம். 5 கட்டில் ஒன்றை அவிழ்க்கச் சொல்லுங்கள்: 4 கட்டு, 12 உதிரி. கழிக்கும் முன், "இப்போது மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். அதே 52 என்று அவன் வாயால் வர வேண்டும். அப்புறம் 25 தானாக வரும். சரிபார்க்க, விடையோடு 27-ஐக் கூட்டட்டும். 35 + 27 = 62 என்று வந்தால் தவறு அவனுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: 500 − 268-இல் பக்கத்து இடமும் பூஜ்ஜியம். யாரிடம் கடன் வாங்குவது?

பதில்: 500 என்பது 50 பத்துகள். ஒரு பத்தைப் பிரித்தால் 49 பத்துகளும் 10 ஒன்றுகளும். அதனால்தான் மேலே 4, 9, 10 என்று எழுதுகிறோம். விடை 232.

கேள்வி: விரல் விட்டு எண்ணலாமா?

பதில்: தாராளமாக.

கேள்வி: பள்ளியில் மேலே 1 குறைக்கிறார்கள், தாத்தா கீழே 1 கூட்டுகிறார். எது சரி?

பதில்: இரண்டும் சரி. 52 − 27-இல் தாத்தா மேலே 10 ஒன்றுகளையும் கீழே 1 பத்தையும் சேர்க்கிறார். இரண்டு எண்ணிலும் 10 கூடுவதால் வித்தியாசம் மாறாது. 62 − 37-ம் 25தான். ஆனால் குழந்தைக்கு ஒரு முறை கைவரும்வரை இன்னொன்றைக் காட்டாதீர்கள். இரண்டும் கலந்து, மேலே 1 குறைத்துக் கீழேயும் 1 கூட்டினால் 15 என்று வரும். தாத்தாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.